மாமா வைத்த வெற்றிலை

மாமாவின் பித்தளை வட்டாவை நேற்றுத் தேய்த்துக் கழுவினேன். வெற்றிலை வைக்கும் அந்தக் காலுள்ள தட்டின் விளிம்பில் ஓரிடத்தில் சுண்ணாம்பு காய்ந்து கல்லாகிக் கிடந்தது. அவர் விரல் துடைக்கும் இடம். புளி போட்டும் முழுதாகப் போகவில்லை, விட்டுவிட்டேன்.

மாமா, அம்மாவின் அண்ணன். பழுகாமத்து வயல்வெளியான வட்டைக்குள் விடியலில் வேலைக்கு இறங்கினால், கன்னத்தில் வெற்றிலையும் புகையிலையும் அதக்கியபடியே வெயில் ஏறும்வரை நிற்பார். இடக் கன்னத்தின் உட்புறம் வெள்ளை படர்ந்தபோது சுண்ணாம்பு சுட்டது என்றார். புண்ணானபோது சூத்தைப் பல் உரசுகிறது என்றார். நாங்களும் நம்பினோம். எங்கள் வீட்டுப் பெரியவர்களில் வெற்றிலை போடாதவர் இல்லை. எல்லோர் வாயும் ஏதோவொரு நாள் எரிந்த வாய்தான். ஆஸ்பத்திரியில் புற்றென்று கண்டு கன்னத்தை வெட்டி, தொடைத் தசை எடுத்து ஒட்டி, கதிர்ச் சிகிச்சையும் கொடுத்து அனுப்பினார்கள். வெற்றிலையை அன்றோடு விட்டார். முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் அறுவடைக்கு வந்து வரம்பில் நின்றார். தப்பிவிட்டார் என்றே நினைத்தோம். பிறகு தழும்பின் ஓரத்திலேயே அது திரும்பவும் தடித்தது. அடுத்த கிளினிக் நாளுக்குள் கழுத்திலும் கட்டி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான் ஒருவன் என்பதால் டாக்டரின் அறைக்குள் என்னையே அனுப்பினார்கள். அவர் ஆறுதல் கலக்காமல் பேசினார். சிலருடைய புற்று மெல்ல ஊரும், மாமாவினது பாய்கிறது. வெட்டியும் கதிர் கொடுத்தும் இவ்வளவு கெதியில் அதே இடத்தில் வந்ததே கெட்ட அடையாளம். இனியும் வெட்டினால் பேச்சும் விழுங்குவதும் போகும், ஆயுளும் நீளாது. வலிக்கு மருந்து தரலாம். எவ்வளவு காலம் என்று கேட்டேன். சரியாக யாராலும் சொல்ல முடியாது, மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், வருடத்தை நம்பவேண்டாம் என்றார்.

வெளியே வாங்குப் பலகையில் இருந்த மாமி, சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார். ஆனால் பக்கத்தில் இருந்த மாமா நோயைப் பற்றிக் கேட்கவில்லை. மகளின் கலியாணத்துக்கு ஆவணியில் நாள் வைத்திருந்தது. துவாயால் வாயை மூடிக்கொண்டு, உடைந்த சொற்களில் கேட்டார்.

"மருமகன், ஆவணி மட்டுக்கும் கிடப்பனா?"

"ஆவணிக்கு வைக்க வேணாம் மாமா. வைகாசிக்கு எடுப்பம்."

"ஓம். அப்ப நாளைக்கே வெத்திலை வைப்பம்" என்றார்.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு அட்டை அடித்தாலும், வட்டாவில் வெற்றிலை கொண்டுபோய் நீட்டி வாயால் சொன்னால்தான் அழைப்பு. எடுத்தவர் கட்டாயம் வருவார். மாமா நீட்டினார், நான் சொன்னேன். வட்டாவில் வெறும் வெற்றிலைதான்; பாக்கும் புகையிலையும் வைக்க அவர் விடவில்லை. மச்சான் முறைக்காரர் ஒருவர், எப்போதும் அவரைக் கேலி செய்பவர், எட்டிப் பார்த்தார்.

"என்ன மச்சான், ஆட்டுக்கா இலைகுழை கொண்டு வந்த நீ?"

மாமாவின் தோள் குலுங்கியது. சிரிப்பு என்பது துவாய்க்கு மேலே தெரிந்த கண்ணைப் பார்த்துத்தான் விளங்கியது. மச்சான் ஒரு வெற்றிலையை எடுத்தார். வாயில் போடவில்லை, மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வைகாசி வரைக்கும்கூட நோய் பொறுக்கவில்லை. கழுத்துக் கட்டி உடைந்து, கரைத்த கஞ்சியும் இறங்காமல், சித்திரை முடியுமுன் மாமா போய்விட்டார். சாவுத் துடக்குக் கழிந்தபின் பெரியவர்கள் கூடிப் பேசி, கலியாணத்தைப் பழையபடி ஆவணிக்கே வைத்தார்கள்.

இன்று அதே வட்டாவோடு அதே வாசல்களுக்குப் போனேன். புதிய நாளைக் கேட்டுக்கொண்டார்கள். வெற்றிலையை ஒருவரும் தொடவில்லை. அந்த மச்சான்காரர் வட்டாவை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"அவன்ட வெத்திலை எடுத்தாச்சி மனே. மறுகா என்னத்துக்கு? நாங்க வருவம்."

வட்டா நிரம்பியபடியே வீடு திரும்பினேன். மாமி வாடிய வெற்றிலைகளைப் பார்த்துவிட்டு, வீடுகளில் ஆட்கள் இல்லையா என்று கேட்டார். எல்லோரும் வருகிறார்கள் என்றேன். அவர் வெற்றிலைகளை அள்ளி எடுத்தார். சுண்ணாம்பு ஒட்டிய விளிம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.