களத்தில் சொல்லக்கூடாத சொல்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அண்ணனுக்கு மூளை மலேரியா வந்தது. அதிகம் பேசாத மனிதர், காய்ச்சல் விட்டதும் வாயை மூடாதவராக எழுந்து வந்தார். கிளிநொச்சி ஆஸ்பத்திரி டொக்டர் தன் நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

"வாய்க்குக் கடிவாளம் இதுக்குப் பின்னாலதான் இருக்கு. சின்னப் பிள்ளையளுக்கு அது இன்னும் வளர்ந்திராது. வயசு போனால் தேயும். இவருக்குக் காய்ச்சல் அறுத்துப்போட்டுது."

"எனக்குப் பிறக்கேக்கையே பூட்டேல்லை டொக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

எங்கள் உருத்திரபுரத்தில், கதிரைச் சூடடித்து நெல்லைப் பிரிக்கும் களத்தில், நெல்லைப் 'பொலி' என்றுதான் சொல்லவேண்டும். 'இல்லை', 'முடிஞ்சுது' என்ற பேச்சே கூடாது. சொன்னால் விளைச்சல் கரைந்துவிடுமாம். அந்த மாரி அறுவடையில், அயல்வீட்டு மாமாவின் களத்தில் அண்ணனும் நானும் தூற்றிக்கொண்டு நின்றோம். அண்ணன் குவியலைப் பார்த்தார்.

"நெல்லே இல்லை மாமா, எல்லாம் பதர். முடிஞ்சுது உங்கட கதை."

மாமா அண்ணன் தூற்றிக்கொண்டிருந்த சுளகைப் பறித்தார். "இவனை வெளியால அனுப்புங்கோடா! இனி இந்த ஊரிலை ஒரு களத்திலையும் இவன் கால் வைக்கக்கூடாது!"

அண்ணனுக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. எனக்குக் கண் சிவந்துவிட்டது. களத்து ஓரத்தில் மாமாவின் சின்னப் பேத்தி "நெல்லு, நெல்லு" என்று பாடிக்கொண்டிருந்தது, கொஞ்சினார்கள். மாமாவின் தகப்பன் வரம்பில் இருந்து "முடிஞ்சுதோடா?" என்று ஓயாமல் கேட்டார், வயசு போச்சு என்று விட்டார்கள். நடுவயதில் கெட்ட மூளைக்குத்தானா தண்டனை?

களத்தின் நடுவில் ஏறி நின்றேன். "நெல்லு இல்லை! ஒண்டும் இல்லை! எல்லாம் முடிஞ்சுது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று திரும்பி வாய் நிறையப் பதர். வீரம் பேசும்போதுதான் எனக்கு இப்படி நடக்கும்.

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமாவும்தான். "இவன் பகிடிக்காரன், விடுங்கோ. நீ நில்லடா, உன்ரை அண்ணனை அனுப்பு."

"நல்ல மூளையோட, வேணுமெண்டு சொன்னவன் நான் மாமா! என்னையெல்லோ நீங்கள் துரத்தவேணும்?"

"சும்மா போடா, வேலையைப் பார்."

அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. பதரைத் துப்பிவிட்டு அண்ணனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன்.

வாய்க்கால் கரையில் அவர் கையை உதறினார். "வேலை அரைவாசியிலை கிடக்கு. ஏன்டா என்னைக் கூட்டிக்கொண்டு வாறாய்?"

களம் முழுக்கக் கேட்கக் கத்திய வாயால், "வேலை முடிஞ்சுது அண்ணை" என்று மெல்லச் சொன்னேன்.