மூக்குத்தி வரைக்கும்

சித்திரை வெயிலில் நாட்டுப்பாடல் விழாவைப் பூங்காவில் நடத்தலாம் என்று முடிவு செய்தவர் யாராக இருந்தாலும், அவர் பார்வையாளர் நாற்காலியில் உட்காரப் போகிறவர் அல்ல. பந்தலுக்குள் பன்னிரண்டு வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள். பெரிய மின்விசிறி நான்கு. அவற்றில் இரண்டுதான் சுற்றின, அந்த இரண்டும் மேடைப் பக்கம் திரும்பியிருந்தன. பந்தலின் தகரக் கூரையிலிருந்து இறங்கிய சூடு தலையில் துணி போட்ட மாதிரி கனத்தது. விவரம் தெரிந்தவர்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போய்விட்டார்கள். வரிசையில் மிச்சமிருந்தவர்கள், என்னைப் போல, மேடையில் யாராவது சொந்தக்காரர் இருப்பதால் நகர முடியாதவர்கள்.

மேடைக்கு வரவேண்டியவள் என் மனைவி.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலுமாக எட்டுப் பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். ஐந்து பேர் கன்னடம், மூன்று பேர் தமிழ். கல்யாணம், சீமந்தம், பெயர் சூட்டல் என்று யார் வீட்டில் கூப்பிட்டாலும் போவார்கள். பாட்டுகள் பெரும்பாலும் கன்னடம். சோபானெ என்று சொல்வார்கள், மணப்பெண்ணை உட்காரவைத்து அலங்காரம் செய்யும்போது பாடுவது. ஒருத்தி முன்னால் ஒரு வரி எடுப்பாள், மற்ற ஏழு பேரும் அதே வரியைத் திரும்பப் பாடுவார்கள். சுருதிப் பெட்டி கிடையாது, புத்தகம் கிடையாது. எடுப்பவள் எந்தக் குரலில் தொடங்குகிறாளோ அதுதான் சுருதி. அந்த எடுக்கிற வேலை பல வருஷமாக என் மனைவியுடையது.

போன வருஷம் அவளுக்குக் கழுத்தில் தைராய்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. பேச்சுக் குரல் திரும்பிவிடும், பாட்டுக் குரலைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். பேச்சு வந்தது. முதலில் கரகரப்பாக, பிறகு நன்றாகவே. பாட்டும் கீழே வந்தது, நடுவில் வந்தது. மேலே போனால் மட்டும் நூல் மாதிரி அறுந்துவிடும். சமையலறையில் ஒவ்வொரு நாளும் அந்த இடத்தை முயன்று பார்ப்பாள். கூடத்தில் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் கேட்பேன். வந்தது, வரவில்லை என்று விரலை மடக்கிக் கணக்கு வைத்துக்கொள்வேன். வராத விரல்கள்தான் அதிகம். தாழ்ந்த குரலில் தொடங்கினால் அந்த மேல் இடத்தைத் தொட்டுவிடலாம் என்பதை அவளே கண்டுபிடித்தாள். அப்படித் தொடங்கினால் மற்றவர்களுக்குக் கொஞ்சம் பள்ளமாகத்தான் இருந்தது. யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆட்டோவில் வரும்போது அவளே சொன்னாள். "இன்னைக்குக் குரல் மேல நின்னா இனியும் நானே எடுக்கறேங்க. நிக்கலன்னா இனிமே பின்வரிசைதான். அவ எடுக்கட்டும்."

அவள் என்றது தையற்கடைக்காரம்மாவை. எட்டுப் பேரில் நல்ல கனமான குரல் உள்ளவர், வாயும் அப்படித்தான்.

"அதெல்லாம் நிக்கும்," என்றேன்.

"நிக்கும்னு நீங்க சொன்னா பயமா இருக்கு. நீங்க எதையுமே அப்படிச் சொல்றவர் இல்லையே," என்றாள்.

மேடைக்குப் பின்னால் ஒரு துணித் தடுப்பு. அங்கே பெரிய அண்டாவில் மோரும் பானகமும் வைத்திருந்தார்கள், இரண்டிலும் ஐஸ் கட்டி மிதந்தது. எட்டுப் பேரில் ஐந்து பேர் கையில் டம்ளர் இருந்தது. என் மனைவி கையில் இல்லை. இருந்தாலும் நான் பிளாஸ்கில் கொண்டுபோயிருந்த சீரக வெந்நீரை ஊற்றிக் கொடுத்தேன். குடித்தாள். இன்னொன்று ஊற்றினேன்.

தையற்கடைக்காரம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். "இன்னா சார், காலையிலேர்ந்து அக்காவுக்கு ஊத்தினே இருக்கீங்க. நடுப்பாட்டுல எழுந்து ஓடினா நீங்க வந்து பாடுவீங்களா?"

"ஐஸ் மோரை ஏம்மா குடிக்கிறீங்க எல்லாரும். தொண்டை என்ன ஆகும்?"

"என் தொண்டையா? கழுதை கூட பயப்படும் சார் இதுக்கு. நீங்க போய் உக்காருங்க. உங்க மூஞ்சியப் பார்த்தா நமக்கே பரீட்சை மாதிரி இருக்குது."

அவர்களில் மூத்தவர், ஓய்வுபெற்ற கன்னட டீச்சர், என் முழங்கையைத் தொட்டு, "ஹோகி சார், குத்கோளி," என்றார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவனைப் போய் உட்காரச் சொல்லும் அதிகாரம் டீச்சர்களுக்குத்தான் உண்டு. போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். நாற்காலி வேட்டியைத் தாண்டிச் சுட்டது.

இவர்களுக்கு முன்னால் ஒரு இளைஞர் ஒற்றைத் தந்தி வாத்தியத்தை மீட்டிக்கொண்டு தத்துவப் பாட்டுப் பாடினார். ஒல்லியான உடம்பு, ஆனால் உச்சியில் நிற்கிற குரல். அந்த வெயிலிலும் மரத்தடிக் கூட்டம் பாதி திரும்பி வந்தது. இரண்டு பாட்டோடு முடியவேண்டியது, கூட்டம் கேட்டதால் மூன்றாவதும் பாடினார். அவ்வளவு நேரமும் எங்கள் பெண்கள் எட்டுப் பேரும் மேடையின் பக்கவாட்டுப் படியில், நிழல் இல்லாத இடத்தில், ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு வெயிலைப் பற்றித்தான் கவலை. தலைக்கு முந்தானை போட்டிருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தேன், போட்டிருந்தாள். காதைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

இளைஞர் இறங்கினார், இவர்கள் ஏறினார்கள். முன்னால் என் மனைவி, பின்னால் ஏழு பேர். ஒலிவாங்கியைச் சரிசெய்தார்கள். அவள் கண்ணை மூடி முதல் வரியை எடுத்தாள்.

எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் அந்த வரி பேசுகிற குரலில் வரும். இங்கே மாடியில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில் வந்தது. அந்த இளைஞரின் சுருதி மூன்று பாட்டுக் காலம் அவள் காதில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. அதிலிருந்தே தொடங்கிவிட்டாள்.

அந்தப் பாட்டில் பத்து அலங்காரம். மெட்டியில் தொடங்கிக் கொலுசு, புடவை, ஒட்டியாணம், வளையல், மாலை என்று மணப்பெண்ணின் பாதத்திலிருந்து மேலே போகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு கண்ணி. முதல் ஆறும் ஒரே மெட்டு. ஏழாவது மூக்குத்தி. அங்கே மெட்டு சட்டென்று மேலே தாவும். கம்மலுக்கும் நெற்றிச்சுட்டிக்கும் அங்கேயே நிற்கும். பத்தாவது பூ, அதில்தான் இறங்கும். சாதாரணமாகத் தொடங்கினாலே மூக்குத்தி அவளுக்குச் சந்தேகம். இந்தத் தொடக்கத்தில் சந்தேகமே இல்லை, வராது.

நிறுத்திவிட்டுத் தாழ்த்தித் தொடங்கலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். இதை நடுவில் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பெண் பாதி அலங்காரத்தில் நின்றுவிடுவாள் என்பது அவர்கள் நம்பிக்கை. எதிரே உண்மையில் பெண் உட்கார்ந்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. ஒத்திகையில் எங்கள் வீட்டுக் குக்கர் தொடர்ந்து கத்தியபோதுகூட யாரும் எழுந்திருக்கவில்லை, நான்தான் போய் அணைத்தேன்.

அவளுக்கும் தெரிந்துவிட்டது. கொலுசுக் கண்ணியில் கண்ணைத் திறந்தாள். பின்னால் திரும்பவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. பின்வரிசையில் தையற்கடைக்காரம்மா மட்டும் ஒரு அடி முன்னால் வந்து நின்றார். வந்தவர் எதுவும் செய்யவில்லை.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒருவர் நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டிருந்தார். நான் வாய்க்குள் "ஒட்டியாணம், நாலு" என்றது அவர் காதில் விழுந்திருக்கும். தமிழிலேயே கேட்டார். "தெரிஞ்சவங்களா சார்?"

"வீட்டுக்காரி."

"நல்லா ஏத்தி எடுத்திருக்காங்க. இந்த வயசுல."

வளையல் முடிந்தது. மாலை தொடங்கியது. மாலையின் கடைசிச் சொல்லையும் ஏழு பேரும் திரும்பச் சொல்லி முடித்தார்கள்.

இங்கே அவர்களுடைய இன்னொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். முன்னால் பாடுகிறவள் எப்படிப் பாடினாளோ அப்படியே பின்னால் பாடவேண்டும். தப்பாகப் பாடினாலும் அப்படியே. ஒருமுறை கல்யாண வீட்டில் என் மனைவி கொலுசுக்கு முன்னால் புடவையைப் பாடிவிட்டாள். ஏழு பேரும் முகம் மாறாமல் வெறுங்காலுக்குப் புடவை உடுத்தி, பிறகு அவளோடு கீழே போய்க் கொலுசைப் போட்டுவிட்டு வந்தார்கள். சிரித்ததெல்லாம் பாட்டு முடிந்து காபி குடிக்கும்போதுதான்.

மூக்குத்தி வந்தது. மேலே தாவவேண்டிய இடத்தில் அவள் தாவவில்லை. ஒரு மூச்சு எடுத்தாள். மெட்டுக்கு நேர் எதிர்ப்பக்கமாகக் கீழே இறங்கினாள். மிகவும் கீழே, தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிற மாதிரியான குரல். ஒலிவாங்கி இல்லையென்றால் மூன்றாவது வரிசைக்கு அது வந்திருக்காது. அந்த வரியை அங்கேயே அவசரமில்லாமல் பாடி முடித்தாள்.

எத்தனையோ வருஷமாக அந்த இடத்தில் மேலே போய்ப் பழகிய ஏழு தொண்டைகள். ஒன்றாவது பழக்கத்தில் மேலே போய்விடும் என்று பயந்தேன். ஒன்று போனாலும் தெரிந்துவிடும். ஒன்றும் போகவில்லை. ஏழு பேரும் அவள் இறங்கிய இடத்துக்கே இறங்கினார்கள். தையற்கடைக்காரம்மாவின் குரல் அவ்வளவு கீழே போய் நான் கேட்டதில்லை, தரையில் மரப்பெட்டியை இழுக்கிற மாதிரி இருந்தது. ஆனால் இறங்கினார். கம்மலும் அப்படி. நெற்றிச்சுட்டியும் அப்படி. பந்தலில் பேச்சுச் சத்தம் நின்றிருந்தது. அந்தத் தணிந்த குரலைக் கேட்பதற்காக நின்றதா, வெயிலில் எல்லோரும் களைத்துவிட்டார்களா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பூவுக்கு அவள் பழைய மெட்டுக்கு வந்து சேர்ந்தாள். பெண்ணுக்குப் பத்தும் போட்டாகிவிட்டது.

"மூக்குத்திக்கு இறங்கினாங்க பாருங்க," என்றார் பக்கத்து நாற்காலிக்காரர் கைதட்டிக்கொண்டே. "பழைய பாணி சார் அது. இப்ப யாரு அப்படிப் பாடறாங்க."

"ஆமாம்," என்றேன்.

அவர்களுக்கு இன்னொரு பாட்டு பாக்கி இருந்தது, ஒரு சின்னத் தாலாட்டு. என் மனைவி திரும்பித் தையற்கடைக்காரம்மாவைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். இவள் மறுபடியும் தலையசைத்துவிட்டுப் பின்வரிசைக்கே நடந்து, டீச்சருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தையற்கடைக்காரம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்து எடுத்தார். நன்றாகவே எடுத்தார். எடுப்பவளாக இல்லாமல் என் மனைவியை நான் மேடையில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. தோள்கள் இறங்கியிருந்தன. அடுத்த வரி என்ன என்று யோசிக்கவேண்டியதில்லாத முகம்.

இறங்கி வந்ததும் மரத்தடியில் எட்டுப் பேரும் உட்கார்ந்தார்கள். இப்போது என் மனைவியும் ஐஸ் மோர் வாங்கிக்கொண்டாள். நான் பிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"அக்கா, மூக்குத்திய மூக்குலதான் போடுவாங்க," என்றார் தையற்கடைக்காரம்மா. "நீங்க பாதாளத்துல கொண்டுபோய்ப் போட்டீங்க. என் அடிவயிறு இன்னும் நடுங்கினு இருக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "வரலடி. ஒரு வருஷம் பார்த்தாச்சு. இனிமே வராது. நீயே எடு."

அழக்கூடிய பேச்சுத்தான், ஆனால் அவள் கடைக்குச் சாமான் சொல்கிற குரலில் சொல்லிவிட்டாள்.

"மத்ததெல்லாம் எடுக்கறேன்," என்றார் தையற்கடைக்காரம்மா. "இது வேணாம். நான் எடுத்தா அந்த இடத்துல மேலதான் போவேன், எனக்கு அப்டித்தான் வரும். இன்னைக்குக் கீழ பாடினது நமக்குப் பிடிச்சிருந்துச்சு. டீச்சரைக் கேளுங்க."

டீச்சர் வெள்ளரித் துண்டைக் கடித்துக்கொண்டே, "நன்கூ அஷ்டே," என்றார். தனக்கும் அப்படித்தான் என்று அர்த்தம்.

"தப்பா பாடினேன்டி அது."

"தெரியும். ஏழு பேருக்கும் தெரியும்," என்றார் தையற்கடைக்காரம்மா. "அதுக்கு என்ன இப்போ?"

அதற்குப் பிறகு குழுவில் இப்படி ஏற்பாடு. அவர்கள் பாடும் பன்னிரண்டு பாட்டில் பதினொன்றைத் தையற்கடைக்காரம்மா எடுக்கிறார். அந்த அலங்காரப் பாட்டு ஒன்றை மட்டும் என் மனைவி. போன வாரம் எங்கள் கூடத்தில் ஒத்திகை நடந்தது. பேசுகிற குரலில், சரியான இடத்தில்தான் தொடங்கினாள். அங்கிருந்து தாவினால் ஒருவேளை மேலே தொட்டிருக்கலாம். நான் செய்தித்தாளுக்குப் பின்னால் விரலை மடக்கத் தயாராக இருந்தேன். மூக்குத்தி வந்ததும் அவள் முயன்றுகூடப் பார்க்கவில்லை, நேராகக் கீழே இறங்கினாள். மற்ற ஏழு பேரும் அவளுக்கு முன்பே அங்கே போய்க் காத்திருந்த மாதிரி இருந்தது.