கட்டாரிலுள்ள வாப்பாவுக்கு ஒரு புல்பிரேம் கலியாணம்

கலியாண வீட்டில் பெண்கள் பக்கம் படம் எடுக்கிறவளுக்குச் சோறு கடைசியில்தான் வரும், குறை மட்டும் முதல் ஆளாக வந்து நிற்கும். புல்பிரேம் என்கிற பெரிய சென்சர் கமரா வாங்கிவிட்டு முழிக்கிற சகோதரங்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் புதுக் கமரா முதலில் போனது சாய்ந்தமருதில் ஒரு கலியாணத்துக்கு. பொண்ணுடைய வாப்பா கட்டாரில் சாரதி, லீவு கிடைக்கவில்லை. மகளுடைய கலியாணத்தை அந்த மனுஷன் பார்க்கப்போவது என் படத்தில்தான். அந்தப் பயத்தோடுதான் படியேறினேன்.

பழைய லென்ஸ்

கமரா வாங்கின கையோடு லென்ஸும் வாங்க நம்மால் முடிகிறதா? பழைய சின்னக் கமராவின் லென்ஸையே மாட்டினேன். பூட்டியது, படமும் விழுந்தது. ஆனால் நாலு மூலையும் கறுப்பு, நடுவில் ஒரு வட்டத்துக்குள் பொண்ணு. நீங்கள் இந்த விளையாட்டுக்குப் போகாதீர்கள். மருதமுனைக்கு ஆள் அனுப்பி இரவல் லென்ஸ் எடுப்பித்தேன். அதற்குள் பொண்ணுடைய சாச்சி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டா.

"என்னகா இது, கிணத்துக்குள்ள இரிந்தா எடுத்தீங்க?"

மாமி போன இடம்

இரவல் லென்ஸ் நல்ல சாமான். ஆசையில் அதன் வாயை முழுக்கத் திறந்து வைத்தேன். மாப்பிள்ளையின் உம்மா வந்து பொண்ணுக்குத் தங்க மாலை போட்டா. படத்தில் பொண்ணின் இமை முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம், பின்னால் நின்ற மாமி புகையாகிப் போனா. இரண்டு பேர் நின்றால் லென்ஸின் வாயைக் கொஞ்சம் ஒடுக்குங்கள், இல்லாவிட்டால் ஒரே வரிசையில் நிறுத்துங்கள். போட்ட மாலையைக் கழற்றித் திரும்பப் போடச் சொன்னேன். மாமி கழற்றிக்கொண்டே சொன்னா:

"சம்பந்தம் முடிஞ்ச அண்டைக்கே என்னை அழிச்சிப் போட்டாங்களே!"

இரண்டு காட்

எங்கள் பக்கம் பொம்பிளைகளின் படம் வீட்டை விட்டு வெளியே போகாது. வேலை முடிந்ததும் கமராவின் மெமரி காட்டை வீட்டார் கையில் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். ஒன்று பழுதானால் மற்றது இருக்கட்டும் என்று ஒரே படத்தை இரண்டு காட்டிலும் பதிந்திருந்தேன். இரண்டையும் பொண்ணுடைய மூத்த சகோதரனான காக்காவிடம் ஒப்படைத்தேன். நான் எடுத்ததெல்லாம் ரோ (RAW) என்கிற பதப்படுத்தாத படம், அது சும்மா போனில் திறக்காது. கூடவே எதிலும் திறக்கிற ஜேபெக்கும் எடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

காக்கா காட்டைப் போனில் போட்டிருக்கிறார். படம் இல்லை. போர்மட் பண்ணவா என்று போன் கேட்க, ஓம் என்று அமத்தியிருக்கிறார். விடியக் காலமை எனக்குக் கோல், பின்னால் பொண்ணு அழுகிற சத்தம். மற்றக் காட் இருக்குதானே காக்கா என்றேன்.

"முதல் காட் பழுதாக்கும் எண்டு நினைச்சி அதையும் போட்டு அமத்திப் பாத்தன் தங்கச்சி."

வாசல் தாண்டாத படம்

போர்மட் பண்ணின காட்டில் புதுசாக ஒன்றும் எடுக்காமல் வைத்தால், அழிந்ததை அநேகமாக மீட்கலாம். கொண்டுபோய் எடுத்துத் தருகிறேன் என்றேன். பொண்ணுடைய உம்மா வாசலிலேயே மறித்துவிட்டா. என்ன செய்ய, லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் வீட்டிலேயே குந்தினேன். முதுகு விட்டுப்போனது. உம்மா பக்கத்தை விட்டு எழும்பவில்லை, ஓதிக்கொண்டே இருந்தா. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் முதல் படம் வந்தது: பொண்ணும் உம்மாவும் கன்னத்தோடு கன்னம் வைத்தபடி. யா அல்லாஹ், எனக்கே அழுகை வந்துவிட்டது.

உடனே அதைக் கட்டாருக்கு, வாப்பாவின் போனுக்கு மட்டும் அனுப்பினோம். வாப்பா கோல் எடுத்தார். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று மகளைப் பற்றியே கதைத்தார். கடைசியில் உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"போன்ல கதைக்கக்குள்ள ஒண்டும் தெரியல்லியே புள்ள, உன்ட முகத்தில இவ்வளவு கோடு எப்ப விழுந்த?"

புல்பிரேம் வாங்கின சகோதரங்களே, படம் பிழைத்தால் நமக்கு ஏச்சு, படம் சரியாக வந்தால் ஒரு வீடே குந்தியிருந்து அழும், இரண்டுக்கும் துணிந்தவர்கள் மட்டும் கமராவைத் தோளில் போடுங்கள்.