ஆரணியில் பாவு அறுந்த நாடகம்

நேற்று, ஞாயிற்றுக்கிழமை, ஆரணிக்குப் போய் ஒரு சரித்திர இசை நாடகம் பார்த்துவிட்டு வந்தேன். அதே நாடகம் அடுத்த ஞாயிறு தேசூரிலும் நடக்கப்போகிறது. பார்க்கலாம் என்று யோசிப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் பிரவுசிங் சென்டரில், ஷட்டர் இறக்கிய பிறகு, மானிட்டர் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அப்பா இருமினால்கூட இங்கே கேட்கும்.

முதலில் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த நாடகத்தில் தளபதியாக நடிப்பது என் அண்ணன் பிரபு. வேலூரில் கல்லூரியில் படிக்கிறான். ஞாயிறுதோறும் ஸ்பெஷல் கிளாஸ் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருந்தான். வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். அரிதாரம் பூசிய பிள்ளை இந்த வாசல் ஏறக்கூடாது என்று அப்பா இரண்டு வருடம் முன்பே சொல்லியிருக்கிறார். அவர் சும்மா பேசுகிறவர் இல்லை.

என் தோழி சுகந்தியின் அம்மா கோமதி அத்தைக்குப் பிறந்த வீடு சேவூர். பரம்பரையாகப் பட்டு நெய்கிறவர்கள். அத்தையும் சுகந்தியும் நாடகத்துக்குப் போவதாகச் சொன்னதும் நானும் ஒட்டிக்கொண்டேன். அப்பாவிடம் சேவூரில் சுகந்தியின் மாமா வீட்டுக்குப் போகிறேன் என்றேன். அது பொய் இல்லை. இரவு தங்கியது அங்கேதான்.

எங்கள் ஊர் கண்ணமங்கலத்தில் மதியம் இரண்டரைக்கு வேலூரிலிருந்து வரும் பஸ்ஸைப் பிடித்தோம். ஆரணிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். முக்கால் மணி நேரத்தில் பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டோம். நாடகம் நடந்த கல்யாண மண்டபத்துக்கு அங்கிருந்து பத்து நிமிட நடை. ஷேர் ஆட்டோக்காரர் ஆளுக்கு ஐந்து ரூபாய் கேட்டார். “நடந்தே போயிடலாங்க, தோ தெரியுது பாருங்க” என்று பூக்கடை அக்கா சொன்னதும் ஆட்டோக்காரர் அவரை முறைத்தார். நாங்கள் நடந்தோம்.

போஸ்டர் ஊர் முழுக்க ஒட்டியிருந்தது. எழுபது நடிகர்கள், பதினெட்டுப் பாடல்கள், மேடையில் நிஜக் குதிரை. டிக்கெட் முப்பது ரூபாய், முன்வரிசை ஐம்பது. ஆறு மணிக்குத் தொடங்கவேண்டியது ஆறே முக்காலுக்குத் தொடங்கியது. மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் தறிக்காரர்கள் என்று அத்தை சொன்னார். நெசவாளி ஒருவன் ராஜாவை எதிர்த்து நிற்கிற கதை என்று கேள்விப்பட்டு, நம்ம கதையாச்சே என்று குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

எழுபது பேரில் ஐம்பது பேர் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. நான்கு படைவீரர்கள் இடது பக்கம் நுழைந்து வலது பக்கம் மறைந்து, திரைக்குப் பின்னால் ஓடி வந்து மறுபடி இடது பக்கம் நுழைந்தார்கள். “மச்சம் வெச்சவன் மூணாவது வாட்டி வரான்டி” என்றார் எங்களுக்கு முன்னால் இருந்த அம்மா. குதிரை பிளைவுட்டில் வரைந்தது. பின்வரிசையில் ஒருவர் எழுந்து நின்று, “முப்பது ரூபாய்க்கு நிஜக் குதிரன்னு போட்டியேப்பா, இதுக்குப் புல்லா போடறது, பெயின்ட்டா அடிக்கிறது?” என்று கேட்டார்.

இசை நாடகம் என்றார்களே தவிர, பாட்டெல்லாம் சிடி. நடிகர்கள் வாயை மட்டும் அசைத்தார்கள். அரசியை மன்னர் அழைக்கும் பாட்டில் சிடி மாட்டிக்கொண்டு “வாராய், வாராய், வாராய்” என்று நிற்காமல் ஓடியது. அரசி வந்து நின்றுவிட்டார். ஆனாலும் மன்னர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

“வந்துட்டாங்கய்யா! இன்னும் எத்தினி வாட்டி கூப்புடுவ?”

“காது செவுடு ராஜாக்கு. ஜல்தியா கைய புடிச்சிக் காட்டும்மா, நீ வந்துட்டன்னு!”

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது. அடுத்த காட்சியில் அண்ணன் வரவேண்டும்.

திரை விலகியபோது சிரிப்பு சட்டென்று நின்றது. மேடை நடுவில் ஒரு தறி. அட்டையோ தெர்மாகோலோ இல்லை. நிஜமான மரத்தறி. அரக்குச் சிவப்பில் பட்டுப் பாவு இழுத்துக் கட்டியிருந்தது. (பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். இதற்குக் குறுக்கேதான் நூலைச் சுமந்துகொண்டு நாடாக் கட்டை ஓடும்.)

“நம்ம மாமா தறிடி!” என்று சுகந்தி என் தோளைக் கிள்ளினாள்.

மண்டப வாசலில் மாமா சொன்னதாக அத்தை விஷயத்தைச் சொன்னார். நாடகக்காரர்கள் கொண்டுவந்த தெர்மாகோல் தறி வேனிலேயே உடைந்துபோய்விட்டதாம். டைரக்டர் காலையில் சேவூருக்கு வந்து, அத்தையின் அண்ணன் ஏகாம்பரம் மாமாவிடம் ஒரு மாலைக்கு மட்டும் தறியைக் கேட்டிருக்கிறார். மற்ற வீடுகளில் குழித்தறி, பெயர்க்க முடியாது. மாமா வீட்டில் இருந்ததுதான் தூக்கிப்போகக்கூடிய தறி. அவரும் கொடுத்துவிட்டார். ஆனால் வெறும் தறி அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது. அது அவர்கள் குடும்ப வழக்கம். நூலோடுதான் வெளியே போகவேண்டும், நூலோடுதான் திரும்பி வரவேண்டும். அதனால் ஓடிக்கொண்டிருந்த பாவை அப்படியே விட்டு அனுப்பியிருக்கிறார். ஒரு பாவில் மூன்று புடவை. இரண்டு நெய்து இறங்கிவிட்டது. மூன்றாவது, மாசியில் நடக்கப்போகும் அவர் மகள் கல்யாணத்துக்கு.

“கத்தி மேல படாதுன்னு டைரக்டர் சத்தியம் பண்ணாருடி” என்றார் அத்தை.

ஆனால் அந்தக் காட்சியை அண்ணன் எங்கள் மொட்டை மாடியில் எனக்குப் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறான். நெசவாளி பணிய மறுக்கிறான். தளபதி கத்தியை உருவி ஒரே வீச்சில் பாவை அறுக்கிறான். அதுதான் நாடகத்தின் உச்சம். தெர்மாகோல் தறியில் தையல் நூலைத் தொளதொளவென்று கட்டி வைத்திருப்பார்கள், வெட்டியதும் அழகாக விழும் என்று அவனே சொல்லியிருக்கிறான். தறி மாறியதை அவனிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

நான் எழுந்தேன். என்ன கத்துவது என்று தெரியவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அந்த ஒரு யோசனையில் நின்றுவிட்டேன். பின்னாலிருந்தவர், “குந்தும்மா, மறைக்குது” என்றார். அண்ணன் கிரீடமும் ஒட்டுமீசையுமாக வந்து நின்று வசனம் பேசினான். கத்தியை ஓங்கினான்.

தகரக் கத்திதான். விறைப்பாக நின்ற பட்டுக்கு அது போதுமானதாக இருந்தது. பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கோணித் துணி கிழிவது போல ஒரு சத்தம். பாவில் பாதிக்கு மேல் அறுந்து இரண்டு பக்கமும் சுருண்டு தொங்கியது.

அவ்வளவு கூட்டம் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பிறகு ஒரு அம்மா “ஐயையோ, கல்யாணப் பாவு!” என்று வாயில் அடித்துக்கொண்டார். அங்கிருந்து மண்டபம் முழுக்கப் பரவியது. சில பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு எழுந்து நின்றார், சாவு வீட்டில் நிற்பது போல. சிடி மட்டும் வெற்றிப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தது. “பாட்ட நிறுத்துங்கடா!” என்று யாரோ கத்தினார்கள். நின்றது.

ஆம்பிளைகள் பத்துப் பதினைந்து பேர் மேடைப் பக்கம் ஓடினார்கள். “எவன்டா அவன்? மீசய புய்ங்கு!” “சாப்புடற எலையில கத்தி வெச்சிட்டு நின்னுகினு இருக்கான் பாரு!” டைரக்டர் திரைக்குப் பின்னால் போனவர் திரும்பி வரவில்லை. மற்ற நடிகர்களும் இல்லை. அண்ணன் மட்டும் கத்தியோடு அப்படியே நின்றான். அறுந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓடச் சொல்லி மனசுக்குள் நான் கெஞ்சினேன். அவன் ஓடவில்லை.

முதலில் மேடை ஏறியது ஏகாம்பரம் மாமா. அண்ணன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: “எனக்குத் தெரியாதுங்க. வேசத்துக்குக் கட்டுன நூலுன்னு நெனச்சிட்டேன்.” மாமா அவனைப் பார்க்கவே இல்லை. தறியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தூக்கிப்போகலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, “தூக்கினா மிச்ச நூலும் அச்சுலேருந்து உருவிக்கும். இங்கியே வெச்சித்தான் புணைக்கணும்” என்றார். (அச்சு என்பது பாவு நூல்களைக் கோத்து வைத்திருக்கும் சீப்பு.)

அதற்குள் அவர் மனைவி வள்ளியம்மா வந்துவிட்டார். கல்யாணப் பெண்ணின் அம்மா. மண்டபத்துச் சமையலறை அடுப்பிலிருந்து ஒரு கொட்டாங்கச்சி சாம்பல் வாங்கிவரச் சொன்னார். பிறகு அண்ணனை நேராகப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நான் சுகந்தியின் கையை இறுக்கினேன்.

“குந்து.”

“அம்மா, எனக்கு இதெல்லாம்...”

“அறுத்தது நீதானே? மொத இழ நீதான் புணைக்கணும். அப்பத்தான் நாங்க கை வெப்போம். கிரீடத்தக் கழட்டிட்டுக் குந்து.”

அறுந்த பாவை முடிச்சுப் போட்டுச் சேர்ப்பதில்லை. இரண்டு முனையையும் சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி ஒரே இழையாக்க வேண்டும். அதுதான் புணைப்பது. தறிக்காரர் வீட்டுப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வார்கள். அண்ணன் முறுக்கினான், விட்டது. மறுபடி முறுக்கினான், நூல் இன்னும் கொஞ்சம் மேலே அறுந்தது. மீசை வியர்வையில் கழன்று ஒரு பக்கம் தொங்கியது. அதைப் பிய்த்துப் போட்டான்.

அவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்தவர்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

“அளுத்தாத தம்பி, உருட்டு.”

“சாம்பலு பத்தல. இன்னும் தொடு.”

“ஏன்டா அவன பேஜார் பண்றீங்க? அவன் செய்யட்டும்.”

சற்றுமுன் மீசையைப் பிடுங்கச் சொன்ன அதே குரல்தான் இதையும் சொன்னது. எத்தனையாவது முறை என்று தெரியவில்லை, நூல் ஒட்டியது. வள்ளியம்மா சுண்டிப் பார்த்தார். நின்றது. “ம்” என்றார்.

மண்டபம் கைதட்டியது. மாலை முழுக்க அந்த நாடகத்துக்கு விழுந்த ஒரே கைதட்டல் அதுதான். அண்ணன் தலையை நிமிர்த்தவில்லை. தோள் மட்டும் குலுங்கியது. அதன் பிறகு பெண்கள் தறியைச் சுற்றி உட்கார்ந்தார்கள். எங்களை அத்தை சேவூருக்கு அழைத்துப்போய்விட்டார். அண்ணன் அங்கேயே இருந்தான்.

இன்று காலை முதல் பஸ்ஸில் ஊர் திரும்பி நேராகப் பள்ளிக்குப் போனேன். என்ன பாடம் நடந்தது என்று கேட்காதீர்கள். சாயங்காலம் அண்ணன், வேலூரில் நண்பன் வீட்டில் தங்கிவிட்டதாக அப்பாவிடம் சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தான். பாவு முழுக்கச் சேர்ந்துவிட்டது, தறி நூலோடு சேவூர் வாசலுக்குள் போய்விட்டது என்று எனக்கு மட்டும் சொன்னான்.

சாப்பாட்டில் உட்கார்ந்தபோது அப்பா தொடங்கினார். ஆரணியிலிருந்து ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் சொன்னாராம். “எவனோ தளபதி வேசக்காரன், கல்யாணப் பாவ வெட்டிட்டானாம். கைய ஒடிக்க வேணாம்?”

அம்மா ரசம் ஊற்றினார். அண்ணன் இலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எல்லாரும் ஓடிட்டாங்களாம். அவன் மட்டும் நின்னானாம். அவனே குந்தி ஒட்டிக் குடுத்தானாம்.” அப்பா ரசத்தைச் சோற்றோடு பிசைந்தார். “எவன் பெத்த புள்ளையோ.”

கைகழுவ அண்ணன் எழுந்தபோது அப்பா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: “நல்லா தேச்சிக் கழுவு. சாம்பல் நகத்துக்குள்ள நிக்கும்.”

பாவு ஒட்டச் சாம்பல் தொடுவார்கள் என்று அவரிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அண்ணன் கையில் இருப்பது சாம்பல் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அம்மா கரண்டியோடு நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா என்னைக் கூப்பிட்டு, “தேசூருக்கு எப்படிப் போறது? உனக்குத்தான் எல்லா பஸ்ஸும் தெரியுமே” என்று கேட்டார். எதற்கு என்று கேட்க எனக்கு தைரியம் வரவில்லை. கோபமாகப் போகிறாரா, வேறு மாதிரிப் போகிறாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று தப்பித்துவிட்டேன்.

அவரிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். ஆரணி போய் வந்தவாசி பஸ் ஏறுங்கள், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்தவாசியில் மாறி தேசூர். திரும்பக் கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது ரூபாய் டிக்கெட் வேண்டாம், முப்பதே அதிகம். குதிரையை எதிர்பார்க்காதீர்கள். தளபதி வரும் காட்சியில் மட்டும், வசனம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் பரவாயில்லை, யாராவது ஒருவர் முதலில் கைதட்டித் தொடங்கிவையுங்கள். என் அப்பா வந்திருந்தால் நடு வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் அவர் பக்கத்தில் இருப்பேன். என்னால் தட்ட முடியாது.