மணிக்கயிற்றின் மறுமுனையில் மீரான் நானா

சிராங்கூன் சாலையில் டிராமுக்கு ஒற்றைத் தண்டவாளம்தான். எதிர்வண்டி வந்து விலகும்வரை நாம் கிளைத்தடத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும். போன செவ்வாய்க்கிழமை காலை அப்படி நின்றிருந்தபோது, எதிர்வண்டியை ஓட்டி வந்த நண்பர் வழக்கம்போல் கையை ஆட்டவில்லை. என் அருகே வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். "வேலு, உங்க மீரான் நானா விடியக்காலையில மவுத்தாயிட்டாரு" என்றார். எட்டு நாள் காய்ச்சல். தேறிவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். நானாவுக்குப் பதிலாக வந்திருந்த கண்டக்டர் பின்னாலிருந்து இரண்டு மணி அடித்தார். வண்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். ஓட்டினேன்.

நம் சாலையில் டிராம் ஏறிய எவருக்கும் நாகூர் மீரானைத் தெரியாமல் இராது. கூரையில் இடிக்கிற உயரம், வெற்றிலைச் சிவப்பேறிய வாய், "வாங்க வாங்க, உள்ள எடம் கெடக்கு" என்கிற குரல். ஆனால் நீங்கள் பார்த்தது வண்டியின் பின்பக்கத்து மனிதரை. நான் அதே வண்டியின் முன்முனையில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆறு வருடம் நின்றவன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு மணிக்கயிறு. ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவர் என்றாலும், அவர் ஊர் வழக்கப்படி அண்ணன் முறையில் 'நானா' என்றே கூப்பிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே எனக்கு வெறுத்துவிட்டது. 'மின்சார வண்டி ஓட்டுகிறேன்' என்று ஊருக்குப் பெருமையாக எழுதியிருந்தேன். ஓட்டுவதற்கு அதில் என்ன இருக்கிறது? தண்டவாளம் போகிற பக்கம் போக வேண்டும். நாள் முழுதும் நின்றபடி வெயிலையும் மழையையும் முகத்தில் வாங்க வேண்டும். மாட்டுக் கொட்டகைகள் இருக்கிற கண்டாங் கிர்பாவ் வந்தால் எருமைகள் தண்டவாளத்தில் படுத்திருக்கும்; காலடியில் இருக்கும் மணியை மிதித்து அவற்றை எழுப்ப வேண்டும். அதைத் தாண்டினால், பிழைப்பைக் கெடுத்தோம் என்று ரிக்‌ஷாக்காரர்கள் முறைப்பார்கள். வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று ஒரு கடிதம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாய லேபார் கடைசி நிறுத்தத்தில் நானாவிடம் காட்டினேன். அதுவரை எங்களுக்குள் பெரிதாகப் பேச்சு இல்லை.

அவர் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "குடுக்கறதுன்னா குடு. ஆபீசு சாயங்காலம் வரைக்கும் தொறந்துதான் இருக்கும். அதுக்குள்ள இதக் கேளு" என்று ஆரம்பித்தார். அன்று காலை ஒரு ஜவுளிக்கடை முதலாளி முதன்முறையாக டிராமில் ஏறியிருக்கிறார். மூன்றாவது சந்து வந்ததும், வண்டியை உள்ளே திருப்பித் தம் கடை வாசலில் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். "ரிக்‌ஷாக்காரனே வாசல் வரைக்கும் வர்றான், இம்மாம் பெரிய வண்டிக்கு என்ன கேடு?" என்று ஒரே சத்தமாம். நானா பணிவாக, "தண்டவாளத்த உங்க கடைக்குள்ள போட்டுக் குடுங்க முதலாளி, நாளைக்கே வந்துர்றோம்" என்றாராம். முதலாளி தாடையைத் தடவி யோசித்து, அதற்குக் கடையை எத்தனை நாள் சாத்த வேண்டியிருக்கும் என்று கேட்டாராம்.

"நீ கோவத்துல காலால மணிய மிதிமிதின்னு மிதிச்சியே, அது அப்பதான்" என்றார் நானா. அந்த வேலையில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான் முதல் தடவை. சிரித்து முடித்ததும் கேட்டார்: "என் கதையச் சொல்லிட்டேன். நீ முன்னாடி என்ன பாத்தே?"

"ஒண்ணுமில்ல நானா. எரும படுத்திருந்துச்சு."

"எந்த எரும?"

மூன்று மாதமாக வழிமறித்துக்கொண்டிருந்த மாட்டை நான் ஒரு நாளும் பார்த்திருக்கவில்லை. "நாளைக்குப் பாத்துச் சொல்லு. கடுதாசிய அதுக்கப்புறம் குடுத்துக்கலாம்லா" என்று சொல்லிவிட்டு அவர் கோப்பி குடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் பார்த்தேன். இடக்கொம்பு மடங்கிய கிழட்டு எருமை. அதன் பின்னால் தெரிந்த கொட்டகையின் ஓரத்தில், பால்காரர் ஒருவர் கறந்துகொண்டே யாருடனோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதைச் சொன்னேன். சண்டை எதற்கு என்று கேட்டார். அதைத் தெரிந்துகொள்ள இன்னொரு நாள் ஆயிற்று. இப்படியே கடிதம் என் தகரப் பெட்டிக்குள் போய்விட்டது. ஒவ்வொரு கடைசி நிறுத்தத்திலும், வண்டியை மறுபக்கம் ஓட்டுவதற்காக மேலே மின்கம்பியைத் தொடும் கோலைத் திருப்பி மாட்டும் நேரத்தில், அவர் ஒன்று சொல்வார், நான் ஒன்று சொல்வேன். வெயில் அதே வெயில், கால்வலியும் அதேதான். ஆனால் எனக்குக் காலையில் வேலைக்குக் கிளம்ப ஆசையாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவர் பிறவியிலேயே சிரித்த முகம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நானும் அப்படித்தான் நினைத்துக் கேட்டேன். "பின்னாடி நாள் பூரா வசவுதான் வேலு" என்றார். "அத அப்புடியே வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனா பொண்டாட்டி தலையில விழும். கதையாக்கி ஒன்கிட்ட எறக்கிட்டா, எனக்குப் பாரம் கொறையுது, ஒனக்கும் சிரிப்பு."

அந்த மனைவி போன வருடம் இறந்துபோனார். நான்காம் நாளே நானா வேலைக்கு வந்தார். மணி சரியாக அடித்தது. ஆனால் கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். சொல்வதற்கு அவரிடம் கதை இல்லை. ஒரு வாரம் நான் மட்டும் போய் ஏதாவது சொல்லிவிட்டு வந்தேன். சாலையை அந்த வாரம் பார்த்ததுபோல் நான் என்றுமே பார்த்ததில்லை. அவரிடம் கொண்டுபோக எனக்கு ஏதாவது கிடைத்தாக வேண்டும். ஏழாம் நாள், "ஒரு ரிக்‌ஷாக்காரரு இன்னைக்கு எனக்குக் கை காட்டினாரு நானா" என்றேன். அவர் மெல்ல நிமிர்ந்தார்.

"எந்த ரிக்‌ஷாக்காரன்?"

தண்டவாளத்தில் கல் வைத்துவிட்டு ஓடுவாரே, அந்தச் சீனர்தான் என்றேன். "அவனா!" என்று கீழே இறங்கி வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்துவிட்டு, தூசி விழுந்திருக்கும், முகத்தைக் கழுவு என்றார்.

செவ்வாய்க்கிழமை அவரை அடக்கம் செய்துவிட்டு வந்து, தகரப் பெட்டியைத் திறந்தேன். பழைய கடிதம் பழுப்பேறிக் கிடந்தது. தேதியை மட்டும் மாற்றினால் போதும். பதில் சொல்ல ஆளில்லாத வண்டியில் எதற்கு நிற்க வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வண்டி எடுத்தேன்.

பாய லேபார் வந்தது. பழக்கத்தில் கால்கள் தாமாகப் பின்பக்கம் போய்விட்டன. பதில் கண்டக்டர் என்னைவிட மூத்தவர், அதிகம் பேசாதவர். தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? ஒரு ஆளு வழி பூரா திட்டிக்கிட்டே வந்தான்."

"எந்த ஆளு?"

கேட்டது நான்தான். கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அவருக்குக் கதை சொல்ல வரவில்லை. இருந்தாலும் முழுவதையும் கேட்டேன். திட்டியவர் அந்த ஜவுளிக்கடை முதலாளிதான். வண்டி இன்னும் அவர் சந்துக்குள் திரும்பவில்லையாம்.

மீரான் நானாவை அறிந்த உங்களில் ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதோவொன்று மிஞ்சியிருக்கும். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு கேள்வி. அந்தக் கடிதத்தை நான் கொடுக்கவில்லை. அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. நானாவைப் பற்றிய இந்த வரிகளை அதில்தான் எழுதத் தொடங்கினேன்.