துவைகல்லில் உடைந்த ஜப்பான் கோப்பைகள்

பட்டணத்தில் பழைய வீட்டுச் சாமான்கள் ஏலம் போகிறதென்று கேள்விப்பட்டால், பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளில் ஏறிவிடுவேன். கதிரை, மேசையெல்லாம் மற்றவர்களுக்கு. எனக்கு வேண்டியவை கையால் சித்திரம் தீட்டிய பழைய ஜப்பான் கோப்பைகள். என்னுடன் படிப்பிக்கிறவர்கள் 'கோப்பை வாத்தியார்' என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஐயா ரங்கூனுக்குப் போகும் பாய்க்கப்பலில் வேலை செய்தவர். தன் பெயரை எழுதவும் தெரியாது. பயணம் போய் வரும்போதெல்லாம் ரங்கூன் கடைத்தெருவில் ஒரு கோப்பை வாங்கி, உடுக்கும் சாரத்தில் சுற்றிக் கொண்டுவருவார். ஒன்றில் கொக்கு, ஒன்றில் மலை, ஒன்றில் குடை பிடித்த பெண். தடவிப் பார்த்தால் கொக்கின் இறகு விரலில் தட்டுப்படும்.

"உது அச்சடிச்சதில்லை, மனிசன் கீறினது. பார், கழுத்துக் கோணல்" என்று சொல்லி அம்மாவிடம் நீட்டுவார். அம்மா அவற்றில் ஒருநாளும் தேத்தண்ணி ஊற்றியதில்லை. பெட்டகத்தின் மேல் அடுக்கி வைத்துத் துடைப்பார்.

ஐயா காய்ச்சலில் செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக்கு முதல் நாள், சாவுத் தீட்டான துடக்குக் கழிக்க வீடு கழுவினார்கள். பித்தளை, வெண்கலத்தைப் புளி போட்டு மினுக்கினால் போதும். மண்சட்டி, பானைகளை எறிந்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். ஐயாவின் தமையனான பெரியப்பா பானைகளை எறிந்து முடித்துப் பெட்டகத்தடிக்கு வந்தார்.

"உதுகளும் போகவேணும்."

"அது பீங்கான், பெரியப்பா. கழுவினாக் காணும்" என்றேன்.

"எங்கடை குடும்பத்திலை படிச்சவன் நீதானே. சொல்லு, பீங்கான் என்னத்திலை செய்யிறது? மண்ணிலையோ, இல்லையோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மண்தான். ஆனால் அது வேறை மண். பெரிய சூளையிலை கண்ணாடி மாதிரி வேகவைச்சு..."

"மண்ணெண்டு படிச்சவனே சொல்லிப்போட்டான்!" என்று கூடியிருந்தவர்களைப் பார்த்தார். முற்றத்திலிருந்த ஒருவர், "யப்பான்காரன்ரை மண்ணுக்குத் துடக்கில்லையாக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். செத்த வீட்டில்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "பெரியம்மா செத்தபோது உங்கடை ஊறுகாய்ச் சாடியை எறிஞ்சனீங்களோ? அதுவும் பீங்கான்தானே?"

"சாடியை எறிஞ்சால் ஊறுகாயை உன்ரை தலையிலையோ வைக்கிறது?"

மறுபடியும் சிரிப்பு. நான் பெட்டகத்துக்கு முன்னால் போய் நின்றேன். என்மேல் கை வைத்தால் நானும் வைப்பதென்றே நின்றேன். அம்மா வந்து என் தோளைப் பிடித்தார்.

"விடு தம்பி. உவரைப் பகைச்சால் தங்கச்சிக்கு ஆர் மாப்பிளை பாக்கிறது?"

அம்மாவே எடுத்துக் கொடுத்தார். பெரியப்பா முற்றத்து மணலில் எறிந்தபோது ஒன்றும் உடையவில்லை. அதோடு விட்டிருக்கலாம். பெரியப்பா குனிந்து பொறுக்கி, கிணற்றடித் துவைகல்லில் ஒவ்வொன்றாக அடித்தார். என் ஐயா கடல் கடந்து ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்தவை. வழக்கமென்றால் அந்தச் சாடிக்கும் வழக்கம்தானே? அவர் வீட்டுக்கு ஒரு சாத்திரம், எங்கள் வீட்டுக்கு ஒரு சாத்திரம். அந்த அநியாயத்துக்கு என் படிப்பையே சாட்சிக்கு இழுத்தார்.

தங்கச்சிக்கு அவர் மாப்பிள்ளை பார்க்கவுமில்லை. நாங்களே பார்த்துச் செய்த கலியாணத்துக்கு, தன்னைக் கேட்கவில்லையென்று வரவுமில்லை.

போன மாதம் ஏலத்தில் கொக்குப் போட்ட கோப்பை ஒன்று கிடைத்தது. ஓடிவந்து அம்மாவின் கையில் வைத்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார்.

"வடிவாத்தான் கிடக்கு. ஆனால் இது கொப்பர் கொண்டந்தது இல்லையே, தம்பி" என்று என்னிடமே திருப்பித் தந்தார்.

பெரியப்பாவுக்கு இப்போது வயதாகிவிட்டதாம், பழசை மறந்து ஒருக்கால் போய்ப் பார்க்கட்டாம் என்று சொந்தக்காரர் சொல்லியனுப்புகிறார்கள். நான் போகமாட்டேன்.