பூட்டி வைத்த குரூப்

இன்று மாலை அம்பகரத்தூரிலிருந்து காரைக்கால் திரும்பும் பஸ்ஸில் ஸ்டெல்லா டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தருமபுரத்துக்காரர், பிரெஞ்சு எடுப்பவர்.

எங்கள் வட்டாரத்து மொழி ஆசிரியர்கள் மாநாட்டுக்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். 'பிள்ளைகளை வகுப்பில் பேச வைப்பது எப்படி?' என்ற தலைப்பும் நான் வைத்ததுதான்.

"மாநாட்டுக்கு வந்துடுவீங்கல்ல டீச்சர்?" என்றேன்.

"எப்படிங்க வர்றது? அன்னிக்குக் குருத்து ஞாயிறு. காலையில சர்ச்சுல பவனி, பூசை. நான் பாட்டுக் குழுவுல இருக்கேன். என்னை மாதிரி இன்னும் நாலஞ்சு டீச்சருங்க இருக்காங்க."

"தேதியப் போட்டு ஒரு வாரமாச்சே! வாட்ஸப் குரூப்ல யாரும் ஒண்ணும் சொல்லலையே?"

அவர் சிரித்தார். "எங்க சொல்றது? அட்மின் மட்டும்தான் மெசேஜ் போடலாம்னு வச்சிருக்கீங்களே!"

குட்மார்னிங் பூக்களின் தொல்லை தாங்காமல் பூட்டியது நான்தான். யாரும் மறுக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு மண்டபமும் பேசிவிட்டேன்.

பஸ்ஸிலேயே எல்லோரும் எழுதும்படி குரூப்பின் பூட்டைத் திறந்தேன். 'தேதியை மாற்றலாமா? எல்லோரும் சொல்லுங்கள்' என்று போட்டேன். பார்த்தவர்கள் பட்டியல் நீண்டுகொண்டே போனது. பதில்தான் இல்லை.

வகுப்பில் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டதும் வருமே, அதே அமைதி. எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்து, இத்தனை வருடமாக அடுத்த பாடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் பதில் வந்தது. ஒரு ரோஜாப்பூ, 'இனிய மாலை வணக்கம்'.

பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். இதைப் படிக்கும் நீங்களும் கீழே கமெண்டில் ஆரம்பிக்கலாம். பூவோடு வந்தாலும் சரி.